கிளினிக் நாளுக்கு யார் பெயர் போடுவது?

மாதம் ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரிக்கு பிரஷர் கிளினிக் போகும் பெண் தொழிலாளிக்கு அன்று பெயர் இல்லை. விடியற்காலையில் லயத்தை விட்டு இறங்கி, ஓட்டோ பிடித்து, நம்பர் துண்டு எடுத்து, டாக்டரைக் கண்டு முடிய மத்தியானம் ஆகிவிடும். மருந்து இருந்தால் சரி. இல்லாவிட்டால் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு பாமசிக்குப் போகவேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாயை மட்டும் வைத்து அன்று இழந்த சம்பளத்தைக் கணக்குப் பார்த்து, ஓட்டோக் காசையும் பாமசிக் காசையும் அதோடு கூட்டினால், அந்த இலவசத்துக்கு அவர் கொடுத்த விலை தெரியும்.

இந்தக் கணக்கு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இல்லை. அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிடுவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. சுகாதாரத்துக்காக நாட்டில் செலவாகும் மொத்தப் பணத்தில் 40 வீதத்துக்கும் மேல் மக்கள் தங்கள் மடியிலிருந்து கொடுப்பது. 2022இல் டொலர் தீர்ந்து மருந்துக் கப்பல் நின்றபோது, மார்ச் மாதத்தில் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டி வந்தது. அரசாங்கம் செலவைக் குறைத்ததால் யாருக்கும் நோய் குறையவில்லை. அந்தச் செலவு அடகுக் கடைக்குப் போன தோடு வழியாக வேறு பக்கத்தில் கட்டப்பட்டது.

சுகாதாரம் என்றால் "நலன்புரி" என்று பேசுவது துரைமாருக்கும் அமைச்சுக்களுக்கும் பழக்கம். நலன்புரி என்றால் லாபம் வரும் வருடத்தில் கொடுப்பது, நட்டம் என்று சொல்லும் வருடத்தில் நிறுத்துவது. இந்தப் பேச்சு எவ்வளவு பிழையானது என்பதற்கு நாம் தூரம் போகத் தேவையில்லை. ஆதாரம் நம்முடைய கொழுந்து மலையிலேயே இருக்கிறது.

1979ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் என்ற வைத்திய சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில், இரத்தச்சோகை உள்ள கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரையும், மற்றப் பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கொழுந்து நிறுவையைப் பார்த்தார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து எடுத்திருந்தார்கள். யாருக்கு இரத்தம் மிகவும் குறைவாக இருந்ததோ, அவர்களுக்கே முன்னேற்றம் அதிகம். வேலை நேரத்தில் மட்டுமல்லாமல், வீட்டிலும் அவர்களுடைய நடமாட்டம் கூடியிருந்தது.

சில சத மாத்திரை. ஒரு மாதம். அந்த ஆய்வுக்கு முந்திய வருடங்கள் எப்படிப்பட்டவை என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். 1974இல் மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் மரண வீதம் எகிறிய காலம் அது. சொன்ன கிலோ எடுக்காதவருக்கு அரைப் பெயர் போட்டு, "சோம்பேறி" என்று திட்டிய கணக்கப்பிள்ளைமார் எத்தனை பேர்! அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு உடம்பில் இரத்தமே இல்லாதிருந்தது என்று யார் பார்த்தார்கள்?

வெள்ளைக்காரனுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 1912இலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1916இல் ரொக்பெல்லர் மன்றம் கொக்கிப்புழுவுக்கு எதிரான வேலையை இலங்கைத் தோட்டங்களில் ஆரம்பித்தது. கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். வெறுங்காலோடு மலையில் நிற்பவருக்குத்தான் முதலில் பிடிக்கும். நம்மேல் உள்ள பாசத்தால் இதெல்லாம் நடந்தது என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. ஆள் விழுந்தால் தேயிலை விழும் என்ற கணக்கு அது. மருந்துக் காம்பரா பிறந்தது அந்தக் கணக்கில்தான்.

தோட்டத்துக்கு வெளியே கதை வேறு விதமாகப் போனது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. வாக்குக் கேட்டு வருபவர் கிராமத்துக்கு ஆஸ்பத்திரி கட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. போருக்குப் பிறகு டீடீடீ அடித்து மலேரியாவை அடக்கியதால் உலர் வலயத்தில் குடியேறி நெல் விளைவிக்க முடிந்தது. ஏழை நாடாக இருந்துகொண்டே, குறைந்த செலவில் தாய்மார் மரணத்தைக் குறைத்த நாடு என்று உலக வங்கியே இலங்கையை எடுத்துக்காட்டியிருக்கிறது. நமக்கோ 1948இல் பிரஜாவுரிமை போனது, அதோடு வாக்கும் போனது. வாக்கில்லாதவனுக்கு எந்த மந்திரி ஆஸ்பத்திரி கட்டுவான்? கிராமம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போன காலத்தில் நாம் துரையின் மருந்துக் காம்பராவிலேயே நின்றோம். பின்னாளில் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பல தோட்டங்களில் அது இன்னும் கம்பனியின் கையில்தான். அதன் விளைவை 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டில் பார்க்கலாம்: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம்.

இந்தப் பிள்ளைகள்தான் இன்னும் சில வருடங்களில் வேலைக்குப் போகப்போகிறவர்கள். மலைக்கோ கொழும்புக்கோ, எங்கே போனாலும் அந்த உடம்போடுதான் போவார்கள்.

கம்பனிகள் சம்பளப் பேச்சில் அடிக்கடி கென்யாவைக் காட்டும். அங்கே ஆள் இத்தனை கிலோ எடுக்கிறார், நீங்கள் ஏன் எடுப்பதில்லை என்று கேட்கும். கென்யாவையே பார்ப்போம். அங்கே பூசியா மாவட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1998 முதல் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பாடசாலைக்கு வராமல் நிற்பது கால்வாசி குறைந்தது. இருபது வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, இரண்டு மூன்று வருடம் கூடுதலாக மருந்து பெற்றவர்களின் மணித்தியால வருமானம் 13 வீதம் அதிகமாக இருந்தது. பலனின் அளவைப் பற்றி ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. ஆனாலும் ஒரு பூச்சி மாத்திரையின் விலையை நினைத்துப் பார்த்தால், அதில் பாதிப் பலன் கிடைத்தாலும் எந்த வங்கியும் தராத வட்டி அது.

இங்கே நாம் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். "ஆரோக்கியமான தொழிலாளி கூடுதலாகக் கொழுந்து எடுப்பார்" என்ற வாதத்தை நாம் தூக்கிக் கொடுத்தால், கம்பனி அதை வாங்கிக்கொண்டு கிலோவை உயர்த்தும். மாத்திரை கொடுத்தோம், இனி இரண்டு கிலோ சேர்த்து எடுங்கள் என்று சொல்லும். ஓய்வு பெற்ற கிழவிக்கும் பிள்ளைக் காம்பராவில் இருக்கும் குழந்தைக்கும் கொழுந்துக் கணக்கு இல்லை. அதற்காக அவர்களுக்கு மருந்து வேண்டாமா? ஆகவே கிலோக் கணக்கை நாம் கம்பனியின் வாயை அடைக்க மட்டும் பாவிப்போம். நம்முடைய கோரிக்கை உரிமை என்ற அடியிலேயே நிற்கவேண்டும்.

2021க்குப் பின் கூட்டு ஒப்பந்தம் இல்லை. சம்பள நிர்ணய சபையில் ரூபாயைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். கிளினிக் அட்டையில் திகதி குத்தப்பட்ட நாளுக்கு முழுப் பெயர் போடவேண்டும் என்பதை அடுத்த பேச்சில் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே வைக்கவேண்டும். மருந்துக் காம்பராக்களை ஆளணியோடும் மருந்தோடும் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கவேண்டும்; பெயர்ப் பலகையை மாற்றிவிட்டு டாக்டர் இல்லாமல் விடுவதை ஏற்கமுடியாது.

பேச்சுக்குப் போக நமக்குக் கணக்கு வேண்டும். மாதர் கமிட்டித் தலைவிமார் இன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு கொப்பி போடுங்கள். உங்கள் பிரிவில் கிளினிக் போனவர்கள் எத்தனை பேர், இழந்த பெயர் எத்தனை, ஓட்டோவுக்கு எவ்வளவு, பாமசிக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ஆளின் பெயரும் நோயும் எழுதவேண்டாம். கொப்பியை மாவட்டக் காரியாலயத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.