வைஃபை உண்டு, இணையம் இல்லை

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த எம் மாணவனொருவன், பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்புதற்குரிய கடைசி நாள் மாலை எம் இல்லத்திற்கு ஓடோடி வந்தான். “சேர், வைஃபை முழுதாய்க் காட்டுகிறது, பக்கந்தான் திறக்குதில்லை. அப்பா பெட்டியை ஐந்து தரம் நிறுத்திப் போட்டுப் பார்த்துவிட்டார்” என்றான். எம் கைத்தொலைபேசியின் இணைப்பைக் கொடுத்து விண்ணப்பத்தை அனுப்புவித்தோம். அதன் பின்னரே அவன் முகத்திற் களை வந்தது. அவனுக்கு அன்று கூறியவற்றையே இக்கிழமை வாசகர்க்கும் கூறுகின்றோம்.

வைஃபையும் இணையமும் ஒன்றே என எண்ணுவோர் நம்மிடையே பலர். தொலைபேசியிற் காணும் அவ்வளைகோடுகள், அதற்கும் வீட்டிலுள்ள ரவுட்டர் என்னும் பெட்டிக்கும் இடையேயுள்ள தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. பெட்டிக்கு அப்பால் கம்பி அறுந்து கிடந்தாலும் அவை நிறைந்தே நிற்கும். படலைவரை பாதை செப்பமாயிருப்பதாற் பட்டணம்வரை செப்பமென்று கொள்ளலாமோ?

அவ்வீட்டுத் தொடர்புக்குரிய நியமம் 802.11 என்னும் எண்ணுடையது, 1997இல் வெளிவந்தது. கம்பி வழியான ஈதர்நெட்டின் நியமம் 802.3. ஒரு தேசத்திற் செய்த தொலைபேசி வேறொரு தேசத்திற் செய்த பெட்டியுடன் தடையின்றிப் பேசுவது இந்நியமங்களின் புண்ணியத்தாலேயாம்.

பெட்டிக்கு அப்பாலும் செல்லுபடியாகும் நடப்பொழுங்குகள் வேறு. நாம் அனுப்பும் படமோ கடிதமோ முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்லும். ஒவ்வொரு பொதியிலும் அனுப்புவோர், பெறுவோர் முகவரிகளை இட்டு வழிவிடுவது ஐ.பி. என்னும் ஒழுங்கு. பொதி போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்பதில்லை. வரிசை எண்ணிட்டு, சேர்ந்ததற்குப் பற்றுச்சீட்டுப் பெற்று, சேராததை மீள அனுப்புவது டி.சி.பி. என்னும் ஒழுங்கின் கடன். பதிவுத் தபாலும் சாதாரணத் தபால் ஏறும் வண்டியிலேயே ஏறுவதுபோல, டி.சி.பி.யும் ஐ.பி.யின் மேலேயே பயணஞ் செய்கின்றது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1983 சனவரி 1இல் இவ்விரண்டிற்கும் மாறிற்று.

ஐ.பி. முகவரியிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பழைய முகவரி 32 இரும இலக்கங்களைக் கொண்டது. ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அதில் அடங்கும். உலக மாந்தர் தொகைக்கே அது போதாது! வலயங்களுக்குப் பங்கிடும் பொது இருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. 128 இலக்கங்கள் கொண்ட ஆறாம் பதிப்பு வந்துளதெனினும் மாற்றம் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆதலின் வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகளைப் பெற்று, வெளியே பெட்டியின் பெயரிலேயே உலவுகின்றன. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். என்பதும் ஒன்றுண்டு, அது பிழைத்தாலும் பக்கம் திறவாது.

பெட்டியின் அடியில் ஒட்டிய தாளிலுள்ள முகவரியைத் தொலைபேசியில் இட்டுப் பார்க்குமாறு மாணவனிடம் கூறினோம். பெட்டியின் பக்கம் திறந்தால் வைஃபையிற் குற்றமில்லை, பிழை அதற்கப்பால். வீடு சென்று பார்த்தான்; திறந்தது. மறுநாட் காலை இணைப்பு வழங்குவோரிடம், “வைஃபை வேலை செய்யவில்லை” என்னாது, “பெட்டிவரை சரி, அதற்கப்பால் இல்லை” என்றே முறையிட்டான். மதியத்துக்குள் ஆட்கள் வந்தனர். ஒழுங்கையில் விழுந்த தென்னோலையொன்று கம்பியை அறுத்திருந்தது. ஐந்து தரம் நிறுத்திப் போடப்பட்ட பெட்டி, பாவம், ஒன்றும் அறியாது.