விலைக்கு வாங்கும் இறுதியாண்டு

பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்பருவத்தில் ‘புராஜெக்ட்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். அதனை அடுத்துப் பணமும் கேட்கப்படும். நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு வீட்டில் பிள்ளை கேட்டது ரூ. 2,500. மற்றொரு வீட்டில் ரூ. 18,000. பாடமோ இருவருக்கும் ஒன்றே. கொடுக்கலாமா என்று பெற்றோர் நம்மை வினவியதால் இதனை எழுதுகிறோம்.

அப்பாடத்தின் பெயர் எம்பெடட் சிஸ்டம். தமிழில் உட்பொதி அமைப்பு என்பர். சலவை இயந்திரத்தினுள்ளும் புதுவகை மின்சார மீட்டரினுள்ளும் கண்ணுக்குப் படாமல் வேலை செய்யும் சிறு கணினியே அது. கணக்கிடும் உறுப்பும் நினைவகமும் மைக்ரோகன்ட்ரோலர் என்னும் ஒரே சில்லில் அடங்கியிருக்கும். இன்டெல் நிறுவனத்தார் 1980-இல் வெளியிட்ட 8051 என்ற சில்லைக் கொண்டே நம் நாட்டு மாணவர் பலர் இதனைக் கற்றனர். 2005-இல் இத்தாலியில் ஆர்டுயினோ பலகை தோன்றிய பின்னர்ச் சிறு தொகையிலேயே வீட்டில் தொடங்கிவிடலாம் என்றாயிற்று.

மூன்றாண்டுகள் தனித்தனியே படித்த மின்சுற்றையும் நிரலையும் ஒரு பொருளில் ஒன்றுசேர்ப்பதே இறுதியாண்டுப் பணி. சேர்த்தவுடன் அது வேலை செய்யாது. பாடமே அங்கேதான் தொடங்குகிறது. அறைக்குள் வருவோரை எண்ண ஒரு பொத்தான் வைத்தான் என்று கொள்வோம். ஒருமுறை அழுத்தினால் ஐந்து என்று எண்ணும். பொத்தானுக்குள் உலோகத் தகடுகள் சேரும்போது சில மில்லிவினாடிகள் துள்ளித் துள்ளித் தொடுகின்றன. அழுத்தும் விரல் அதனை அறியாது, சில்லு அறியும். பையன் இரண்டு இரவுகள் தன் நிரலையே திட்டித் தீர்ப்பான். பிறகு காரணத்தைக் கண்டு, சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்கும்படி இரண்டு வரி சேர்ப்பான். அவ்விரண்டு வரிகளை அவன் ஆயுளுக்கும் மறவான்.

ரூ. 18,000-க்குக் கிடைப்பது வேறு. செய்து முடித்த கருவி, தட்டச்சு செய்து கட்டிய அறிக்கை, வாய்மொழித் தேர்வின் வினாக்களுக்கு விடைகள் எல்லாம் ஒரே பையில் வந்துவிடும். லாமிங்டன் சாலையில் உதிரிப்பாகம் வாங்குவதை நாம் குறை கூறவில்லை, வாங்கத்தான் வேண்டும். முழுப் பணியையும் வாங்கியவனுக்கோ அக்கருவி எப்படிக் கெடும் என்பது தெரியாது. மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் கடன் வாங்கியேனும் கொடுக்கும் தந்தையரை நாம் அறிவோம். அவர்களை ஏசி என்ன பயன்?

நாம் இரயில்வேயில் எழுத்தர். சிக்னல் பிரிவினர் அல்லோம். எனினும் ஆக்ஸில் கவுன்ட்டர் என்னும் கருவி எல்லா இரயில்வே ஊழியரும் அறிந்ததே. தண்டவாளத்தின் ஒரு பகுதிக்குள் நுழைந்த அச்சுகளையும் வெளியேறிய அச்சுகளையும் அது எண்ணும். இரண்டும் ஒத்தால்தான் பாதை காலி. எண்ணிக்கை பிசகினால் வண்டி உள்ளே நிற்பதாகவே காட்டும். பயணிகள் தாமதத்தால் சினப்பர், உயிரோடு சினப்பர். அதுவும் எண்ணும் கருவிதானே! அத்தகையதை நாளை நம் பிள்ளைகளில் ஒருவன் அமைக்கக்கூடும்.

ஆதலின் ரூ. 2,500-ஐத் தயங்காது கொடுக்கச் சொன்னோம், ரூ. 18,000-ஐ வேண்டாவென்றோம். மின்னணுவியல் அறியாத பெற்றோரும் ஒன்று செய்யலாம். “முடிந்ததா?” என்று கேளாமல், “இன்று எது கெட்டது, எப்படிக் கண்டாய்?” என்று கேளுங்கள். விலைக்கு வாங்கியவன் விழிப்பான்; தானே செய்பவன் சோறு ஆறும்வரை பேசுவான்.

சங்க நூலகத்து நீண்ட மேசை ஞாயிறுதோறும் மாலையில் காலியாகவே இருக்கிறது. ஓய்வுபெற்ற சிக்னல் பிரிவு அன்பர் ஒருவர் அங்கு வந்து அமர இசைந்துள்ளார். பற்றவைக்கும் இரும்பைப் பிள்ளைகள் தாமே கொண்டுவர வேண்டும்.