கோடு போட்ட இடம் காலி இடமா?

அமெரிக்காவில் கடை வாசல்களில் மாற்றுத்திறனாளிகள் கார் நிறுத்தத் தனி இடம் உண்டு. 1990-ம் ஆண்டில் வந்த சட்டத்தின் ஏற்பாடு இது.

அந்த இடத்தை ஒட்டி ஒரு பாதையும் விடவேண்டும். அகலம் குறைந்தது 5 அடி. அதில் சாய்வாகக் கோடுகள் போட்டிருப்பார்கள். அங்கே சிலர் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள்.

ஏன்? "ஒரு கார் நிற்கும் இடத்தை நம் சிறு வண்டி அடைக்கலாமா?" என்ற எண்ணம்தான். எண்ணம் நல்லது. இடம்தான் தவறு.

சக்கர நாற்காலியை இறக்குவதும் ஏற்றுவதும் அந்தப் பாதையில்தான். அதை மறித்தால், கடைக்குப் போய்த் திரும்பியவர் தம் வண்டியிலேயே ஏறமுடியாது. மோட்டார் சைக்கிள்காரர் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கார் நிற்கும் சாதாரண இடத்திலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தலாம். அதனால் இன்னொருவர் வீடு திரும்பும் வழி அடைபடாது!