கடைசி ஊருக்கான கட்டணம்

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்குத் தனியார் ஆம்னி பஸ்ஸே கதி. கைப்பேசியில் தேதியை மாற்றிப் பார்த்தால் போதும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை தள்ளுபடியில் கிடக்கும் கீழ்ப் படுக்கை, டிசம்பர் 23 அன்று மடங்குக் கணக்கில் ஏறி நிற்கிறது. பஸ்ஸும் அதுதான், சாலையும் அதுதான். ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்ற நம் அவசரத்துக்குத்தான் அந்தக் கூடுதல் விலை.

நாகர்கோவிலைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டுக்கு அரசு பஸ் நேற்று வந்ததல்ல. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியபோதே, திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலையில் அரசு பஸ் ஓட வழி பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. 1967-க்குப் பின் இங்கேயும் தனியார் பஸ்கள் படிப்படியாக நாட்டுடைமை ஆயின. நெடுந்தூரத்துக்கு 1980-ல் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகமும், மாவட்டத்துக்கு 1983-ல் நேசமணி போக்குவரத்துக் கழகமும் வந்தன. திருநெல்வேலி–நாகர்கோவில் ரயில் பாதையே 1981-ல்தான் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்குச் சென்னைப் பயணம் என்றால் திருவள்ளுவர் பஸ்தான். கட்டணம் என்றால் அரசு நிர்ணயித்த கட்டணம்தான்.

அந்தக் காலம் எந்த அறிவிப்பும் இல்லாமல் முடிந்தது. நெடுந்தூர பஸ் தொழிலைப் பிரிட்டன் 1980-லும் ஜெர்மனி 2013-லும் வெளிப்படையாகச் சட்டம் திருத்தித் திறந்துவிட்டன. நாம் அப்படி விவாதித்து முடிவெடுக்கவே இல்லை. 1989-ல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட் பெறுவதை எளிதாக்கியது. ஆம்னி பஸ்ஸுக்கு உள்ளது ஒப்பந்த ஊர்தி பெர்மிட். கல்யாண வீட்டார் பேசி அமர்த்துவதுபோல முழு வண்டியையும் வாடகைக்கு விடுவதற்கானது. அதை வைத்துக்கொண்டு இருக்கை இருக்கையாக டிக்கெட் விற்கப்படுகிறது. வழித்தட பஸ்ஸின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. ஆம்னி பஸ் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமல்ல. படுக்கை வசதியும் ஏ.சி.யும் பரவலாயின. தனியாகப் போகும் பெண் வீட்டிலிருந்தே பெண்களுக்கான இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. பயணி குறைவான நாட்களில் விலையும் இறங்குகிறது. ஆனால் காலி இருக்கை இருக்கும்வரைதான் போட்டி. எல்லா வண்டியும் நிரம்பும் இரவில் பத்து நிறுவனம் இருந்தாலும் ஒன்று இருந்தாலும் பயணிக்கு ஒன்றுதான். தெற்கே நிரம்பி வரும் வண்டி காலியாகத் திரும்புகிறது, சுங்கமும் காலாண்டு வரியும் ஏறிவிட்டன என்கிறார்கள் உரிமையாளர்கள். உண்மைதான். அந்தச் செலவையும் சேர்த்தே ஓர் உச்சவரம்பைக் கணக்கிட முடியும்.

போட்டியே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று காத்திருப்பதும் ஆபத்து. ஜெர்மனியில் முதலில் விலைகள் சரிந்தன. நிறுவனங்கள் ஒன்றையொன்று வீழ்த்தின, வாங்கின. சில ஆண்டுகளில் ஃபிளிக்ஸ்பஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் ஏறத்தாழ முழுச் சந்தையும் வந்தது. 2024 முதல் அந்த நிறுவனம் இந்தியாவிலும் இருக்கிறது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சோதனை, அபராதம் என்று அறிவிப்பு வருகிறது. பண்டிகை முடிந்ததும் அது மறந்துபோகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு, ஒப்பந்த ஊர்திகளுக்கும் கட்டணத்தை நிர்ணயிக்க உத்தரவிடும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. மகாராஷ்டிரம் 2018-ல் அதைச் செய்து காட்டியது: அரசு பஸ் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தனியார் வாங்கக்கூடாது.

தமிழகமும் வண்டியின் வகைக்கேற்ப ஓர் உச்சவரம்பை ஆண்டு முழுவதற்கும் அறிவிக்க வேண்டும். கூடவே, இந்த நீண்ட வழித்தடத்தில் அரசு விரைவு பஸ்களின் எண்ணிக்கையும் தரமும் உயர வேண்டும். 2018-க்குப் பிறகு பல ஆண்டுகள் அரசு பஸ் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருந்தது ஏழைகளுக்குச் செய்த உதவி. அதன் இழப்பை அரசே ஈடுகட்டாவிட்டால் புது வண்டி வராது. நியாயமான விலையில் ஓர் அரசு இருக்கை காலியாக இருந்தால்தான் தனியார் விலையும் அடங்கும். மாநிலத்தின் கடைக்கோடியில் பிறந்ததற்காக யாரும் அபராதம் கட்டவேண்டியதில்லை.