பட்டா நமது, அநுபோகம் பிறருடையது

2025ஆம் வருஷம் நவம்பர் மாதம் தோஹா நகரில் நடந்த சர்வதேச அமெச்சூர் ஸ்நூக்கர் பந்தயத்தில், சென்னை அநுபமா ராமச்சந்திரன் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்ற கணக்கில் வென்று, மகளிர் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். தமிழர் அனைவரும் பெருமை கொள்ள வேண்டிய விஷயம் இது. ஆனால் மாலையும் மேளமும் ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இதே ஆட்டத்தைத் தன் ஜீவனமாகக் கொள்ள விரும்பும் திருச்சி மன்னார்புரத்துப் பிள்ளைக்கு ஏணியின் முதற்படி எங்கே இருக்கிறது?

ஸ்நூக்கர் நமக்கு அந்நியமான ஆட்டமன்று. 1875இல் ஜபல்பூர் பட்டாளத்தில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி இதை வகுத்தார் என்பதும், பின்னர் 1880களில் நமது உதகமண்டலத்துக் கிளப்பில் விதிகள் ஒழுங்கு பெற்றன என்பதும் உலகம் ஒப்புக்கொண்ட சரித்திரம். ஆயினும் இன்று ஆட்டக்காரர் யார், அவர் ஸ்தானம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இங்கிலாந்தில் இருக்கிறது. வக்கீல்கள் பாஷையில் சொன்னால், பட்டா நமது, அநுபோகம் பிறருடையது.

அந்த அதிகாரம் நடைபெறும் முறையை நேயர்கள் அறிய வேண்டும். 1976இல் முதல் தரவரிசை வெளியானபோது உலகப் பட்டப் பந்தயங்களின் முடிவுகளே அதற்கு ஆதாரம். 2014 முதல் பரிசுப் பணமே கணக்கு: இரண்டு வருஷங்களில் ஒருவர் சம்பாதித்த தொகையே அவருடைய ஸ்தானம். முதல் அறுபத்து நால்வருக்குள் நிற்பவர் தொழில்முறைப் பந்தயங்களில் ஆடும் உரிமையைக் காத்துக்கொள்வார். மற்றவர் அதை மீண்டும் வென்று பெற வேண்டும். இதன்றி, ஒரே பருவத்தின் வருமானத்தைக் கொண்டு 32 பேர், பிறகு 16 பேர், பிறகு 12 பேர் என்று வடிகட்டும் மூன்று பந்தயங்களும் உண்டு. 2010இல் தொடங்கி 2016இல் முடிந்த மற்றொரு தொடரில் அமெச்சூர்களும் நுழையலாம்; முதல் வருஷத்தில் பன்னிரண்டு சிறு பந்தயங்களின் மொத்தக் கணக்கில் முன்னின்ற 24 பேர் இறுதிக்குச் சென்றனர்.

இம்முறையின் நற்குணத்தை நாம் மறுக்கவில்லை. இதில் சிபாரிசுக் கடிதம் செல்லாது. பெரிய மனிதரின் மருமகன் என்பது செல்லாது. 2025இல் சீனத்து ஜாவோ ஷின்டோங் அமெச்சூராக வந்து, தகுதிச் சுற்றுகள் நான்கைக் கடந்து, ஷெப்பீல்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் ஆசியரானார். வென்றவனுக்கு வழிவிட்டாக வேண்டும் என்பதே அங்கு சட்டம்.

ஆனால் பணத்தால் அளக்கும் தராசு வரவை மட்டுமே நிறுக்கிறது, செலவை நிறுப்பதில்லை. ஷெப்பீல்டுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குத் தகுதிச் சுற்று ஒரு நாள் பிரயாணம்; நம்மவனுக்கோ அது கடல் கடந்த குடித்தனம். உலகப் பட்டத்துக்கு மட்டும் ஐந்து லட்சம் பவுன் பரிசாதலால், சிறு பந்தயங்களில் சிறுகச் சிறுகச் சேர்ப்பவன் பின்தங்கிவிடுகிறான். பங்கஜ் அத்வானியைப் போன்ற மேதை 2012இல் அந்தச் சுற்றில் சேர்ந்து 2014இல் விலகினார். ஆதித்ய மேத்தா 2013இல் டெல்லி இந்தியன் ஓபனின் இறுதி வரை சென்றார். அப்பந்தயம் டெல்லி, மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று சுற்றி, 2019இல் கொச்சிக்கு வந்தது. ஐந்து முறையில் ஒரு முறையேனும் அது தமிழ்நாட்டில் நடைபெறவில்லை.

எனவே இங்கிலாந்தைக் குறைகூறிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதன் நல்ல தத்துவத்தை எடுத்துக்கொண்டு, குறையை நீக்கி, நம் நாட்டிலேயே நடத்துவோம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நகரங்களில் பருவம் முழுவதும் மாதமொரு பந்தயம் நடக்கட்டும். பரிசுப் பணத்துக்குப் பதில், எட்டிய சுற்றுக்கேற்பப் புள்ளிகள் கொடுக்கட்டும். பரீட்சையாலோ பணமுடையாலோ ஒரு பந்தயம் தவறியவன் நஷ்டமடையாதபடி, அவனுடைய சிறந்த நான்கு முடிவுகளை மட்டும் கணக்கிடட்டும். பட்டியல் மாதந்தோறும் பகிரங்கமாக வெளிவரட்டும். முதல் பதினாறு பேர் உதகையில் இறுதிப் பந்தயம் ஆடட்டும். மாநில அணிக்கு ஆட்களைப் பொறுக்கும்போது அந்தப் பட்டியல் ஒன்றே சாட்சியாகட்டும். மன்னார்புரம் சந்தியில் இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் மதுரைக்கோ சென்னைக்கோ சென்று சேரலாம். ஷெப்பீல்டுக்கு அப்படிப் பஸ் இல்லை.

மேஜைக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பன்னிரண்டடி நீளமுள்ள கற்பலகை மேஜை ஏழை வீட்டுச் சாமானன்று என்பது மெய்யே. ஆனால் நம் நகரத்துக் கிளப்புகளில் மேஜைகள் இருக்கின்றன. பகற்பொழுதில் பல வெறுமனே கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள், அங்கத்தினரல்லாத பிள்ளைகளுக்குச் சொற்பக் கட்டணத்தில் அவற்றைத் திறந்துவிட்டால் குடி முழுகிப்போகாது. வெள்ளையர் காலத்தில் இத்தகைய கிளப்புகள் பலவற்றில் இந்தியன் தட்டேந்தும் சேவகனாகவே நுழைய முடிந்தது. வெள்ளையர் போய் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் சந்தா கட்ட இயலாதவனுக்கு அதே கதவு சாத்தியிருக்குமானால், சுயராஜ்யம் இன்னும் பில்லியர்ட்ஸ் அறைக்குள் புகவில்லை என்றே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாநிலச் சங்கத்தாரும் கிளப் நிர்வாகிகளும் அடுத்த பருவத்துக்குள் ஒன்றுகூடி இதைத் தீர்மானிக்க வேண்டும். பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பெருமை பேசியது போதும். நிலத்தில் இறங்கி உழுகிறவனுக்கே அது சொந்தம்.