பெல்ட் டைட்டா இருந்தா மட்டும் போதுமா?

மர அறுவை மில்லில் எல்லோருடைய கண்ணும் ரம்பத்தின் மேல்தான். பல் தீட்டியாச்சா, பிளேடு சரியா நிக்குதா என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். மோட்டாரின் சக்தியை ரம்பத்துக்குக் கொண்டு போகிற வீ பெல்ட்டை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. அறுந்தால்தான் அதன் ஞாபகமே வரும்!

பெல்ட் தளர்ந்தால் என்ன ஆகும்? சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாது. கனமான மரம் ரம்பத்தில் ஏறியதும் பெல்ட் வழுக்கும். ரம்பத்தின் வேகம் குறையும், பலகை அலை அலையாக வரும். பழி பிளேடு மேல் விழும்! வழுக்குகிற பெல்ட் சூடாகும். சுற்றிலும் மரத்தூள் குவிந்திருக்கிற இடத்தில் சூடு என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உடனே "இன்னும் ரெண்டு சுத்து டைட் வை" என்பார்கள். இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. அளவுக்கு மேல் இறுக்கினால் அந்த இழுவை முழுவதும் ஷாஃப்ட் மீதும் பேரிங் மீதும் விழுகிறது. பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால், கணக்குப்படி அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்குதான். பெல்ட்டைக் காப்பாற்றப் போய் மோட்டாரைக் கெடுத்த கதை! முழுச் சுமையிலும் வழுக்காத அளவுக்கு, எவ்வளவு குறைவாக இறுக்க முடியுமோ அதுதான் சரியான இறுக்கம்.

"கட்டை விரலால் அழுத்திப் பார்த்தா எனக்குத் தெரியும்" என்பார் அனுபவசாலி. அவர் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் புல்லிகளுக்கு இடையே தூரம் மாறினால் அதே இறுக்கம் விரலுக்கு வேறு மாதிரி தெரியும். ஆளுக்கு ஆள் விரல் பலமும் வேறு. ஒரு ஸ்கேலும் சின்ன ஸ்பிரிங் தராசும் இருந்தால் இந்தச் சந்தேகமே இல்லை. இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட் நேராக ஓடும் நீளத்தை அளக்க வேண்டும். 100 மி.மீ.க்கு சுமார் 1.6 மி.மீ. என்று கணக்கு. 1 மீட்டர் என்றால் நடுவில் 16 மி.மீ. அமுங்க வேண்டும். அதற்கு எவ்வளவு விசை தேவை என்பது பெல்ட் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். அதைவிடக் குறைந்த விசையிலேயே அமுங்கினால் தளர்வு, அதிகம் தேவைப்பட்டால் மிகை.

இதற்கு முன் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். வீ பெல்ட் பிடிப்பது பக்கச் சுவர்களால். தேய்ந்த பள்ளத்தில் இறங்கி அடியைத் தொட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. சேர்ந்து ஓடுகிற பெல்ட்களில் ஒன்று போனால் முழு செட்டையும் மாற்ற வேண்டும். பழையது நீண்டிருக்கும், பாரமெல்லாம் புதியதன் தலையில் விழும். புது பெல்ட் முதல் 24 முதல் 48 மணி நேர ஓட்டத்தில் பள்ளத்தில் படிந்து தளரும். அப்போது மறுபடியும் அளந்து இறுக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேலைதான்.

இன்னொன்று, ஓடுகிற பெல்ட்டில் கை வைக்கவே கூடாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பியூஸையும் பிடுங்கி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மூடியைத் திரும்ப மாட்ட வேண்டும். "அவசரம், அப்புறம் மாட்டிக்கலாம்" என்று மூடியைக் கழற்றி வைப்பவர் முதலாளியாக இருக்கலாம். விரலை இழப்பவர் தினக்கூலிக்காரர்.

மெக்கானிக்கல் படிக்கும் நாம் பெல்ட்டின் இரு பக்க இழுவிசைக்கும் ஆய்லர் சூத்திரம் எழுதி மார்க் வாங்குகிறோம். அந்த இழுவிசையை உண்மையான பெல்ட்டில் எப்படி வைப்பது என்று கேட்டால் முழிக்கிறோம். லேபில் ஒரு மோட்டார், இரண்டு புல்லி, ஒரு ஸ்பிரிங் தராசு இருந்தால் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். மில்லில் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு நேரமில்லை என்பவர்கள், பேரிங் மாற்ற ஒரு நாள் மில்லை நிறுத்த மட்டும் எப்படி நேரம் கண்டுபிடிக்கிறார்கள்?