மூணு மாச டாக்டர்

சைக்கிளைக் கடன் வாங்கலாம். கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு அண்டாவைக் கடன் வாங்கலாம். ஒரு டாக்டரைக் கடன் வாங்க முடியுமா?

முடியும் ஸார். அரசிதழில் போட்டு, முறைப்படி வாங்கலாம். எம்.டி., எம்.எஸ். படிக்கிற பி.ஜி. டாக்டர்கள், படிப்பின் நடுவே 3 மாதம் தங்கள் காலேஜ் ஆஸ்பத்திரியை விட்டு, மாவட்ட அளவிலான அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வேலை பார்க்க வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த விதி. பெயர் 'டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்ஸி ப்ரோக்ராம்'. 3, 4, 5-வது செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் போய் வந்தாக வேண்டும். ஒழுங்காக முடிக்காவிட்டால் கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியாது.

'ஏம்ப்பா, பி.காம். படிச்சவனுக்கு இதுல என்ன வேலை?' என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது. இந்த விதியைப் படித்ததுமே எனக்குக் காலேஜ் நாளின் கன்ஸைன்மென்ட் அக்கவுன்ட் ஞாபகம் வந்துவிட்டது.

சிவகாசிக்காரர் பட்டாசை லாரியில் ஏற்றிச் சென்னை ஏஜென்ட்டுக்கு அனுப்புகிறார். சரக்கு சென்னை குடோனில் இருக்கும். ஆனால் விற்கிற வரை அதன் சொந்தக்காரர் சிவகாசிக்காரர்தான். இங்கேயும் அதே கதை. பி.ஜி. டாக்டர் ராத்திரி டியூட்டி பார்ப்பது மாவட்ட ஆஸ்பத்திரியில். ஸ்டைபண்ட் வருவது காலேஜிலிருந்து. பாடத்தில் சந்தேகம் வந்தால் போனில் காலேஜ் புரொபஸரைப் பிடிக்க வேண்டும். மூணு மாசம் முடிந்ததும் சரக்கு ஒரு சான்றிதழோடு திரும்பிப் போய்விடும். ஒரே வித்தியாசம், இந்தச் சரக்குக்குப் பசிக்கும்; தூக்கம் வரும்; ஹாஸ்டல் சாப்பாட்டை நினைத்து அழுகைகூட வரும்.

எதற்காக இந்தப் போக்குவரத்து?

எங்கள் மல்லாங்கிணறுக்காரர் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று வையுங்கள். முதலில் டீக்கடையில் நாலு பேர் வைத்தியம் சொல்வார்கள். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கும் கேட்காவிட்டால் அருப்புக்கோட்டை அல்லது விருதுநகர். கடைசியாக, மதுரைப் பெரியாஸ்பத்திரி. அங்கே போய்ச் சேருவதற்குள் அவர் ஒரு ஃபைல் ஆகிவிடுவார். நோயின் பெயர் ஏற்கெனவே மேலே எழுதியிருக்கும். ஆக, பெரிய ஆஸ்பத்திரியிலேயே படிக்கிற டாக்டர், படத்தின் கடைசி ரீலை மட்டும் பார்க்கிறார். முதல் ரீல் ஓடுவது எங்கள் கரிசல் காட்டில்! சீமைக்கருவேல முள் குத்தி நாலு நாள் கழித்து நொண்டி வருகிறவர், மிளகாய் பறிக்கப் போய் 'ஏதோ கடிச்சிருச்சு' என்று வருகிற பெண், கரி மூட்டத்தில் கை சுட்டுக்கொண்டவர், பட்டாசுத் தீக்காயம்... எந்த ஃபைலும் இல்லாமல் ஆள் மட்டும் வந்து நிற்பார். என்ன நோய் என்பதை டாக்டரே கண்டுபிடிக்க வேண்டும். அது ஒரு தனிப் படிப்பு.

மல்லாங்கிணறுக்கே பி.ஜி. டாக்டர் வந்துவிடுவாரா? வர மாட்டார். ஆஸ்பத்திரியில் குறைந்தது 100 படுக்கை இருக்க வேண்டும் என்றது 2020 விதி. 2023 விதியில் அதை 50 ஆக்கினார்கள். எங்கள் ஊரில் ஐம்பது படுக்கைக்கு நாங்கள் திண்ணைகளைத்தான் எண்ண வேண்டும். அதனால் டாக்டர் எங்கே வருகிறாரோ, அங்கே நாங்கள் பஸ் ஏறிவிடுவோம்.

*

இந்தக் கடன் வாங்கல் புதிதில்லை. 1946 என்ற வருஷத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, அமெரிக்காவில் லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்பியிருந்தார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டில் இருந்தது, டாக்டர் போதவில்லை. அந்தத் துறைக்கு அப்போது தலைவர், போர்முனையிலிருந்து வந்த ஜெனரல் ஒமர் பிராட்லி. 1946 ஜனவரியில் ஒரு குறிப்பாணை போட்டார்கள். மெடிக்கல் காலேஜ்கள் தங்கள் பயிற்சி டாக்டர்களையும் ஆசிரியர்களையும் அந்த ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும். ஆஸ்பத்திரிகள் நோயாளிகளையும் வசதியையும் கொடுக்கும். ஒருத்தருக்கு அரிசி இருந்தது, இன்னொருத்தருக்கு உலை இருந்தது. சேர்ந்து பொங்கினார்கள். இன்றைய அமெரிக்க டாக்டர்களில் பெரும்பாலோர் அந்த ஆஸ்பத்திரிகளில் கொஞ்ச காலமாவது பயிற்சி பெற்றவர்கள்தான்.

அதே 1946-ல் இங்கே ஸர் ஜோசப் போர் கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. டாக்டருக்குப் படிக்கிறவன் சமூகத்தையும் படிக்க வேண்டும், நோய்த் தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் 3 மாதப் பயிற்சி வேண்டும் என்றது. கவனியுங்கள், அப்போதும் மூணு மாசம்தான்! 1977-ல் இன்னொரு திட்டம் வந்தது. ஒவ்வொரு மெடிக்கல் காலேஜும் 3 ஆரம்ப சுகாதார நிலையங்களின் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றார்கள். அமர்க்களமாக ஆரம்பித்து மெள்ளத் தேய்ந்துபோனது.

மூணு மாசத்துக்கு மேல் போகவே முடியாதா என்றால், வேலூர் சி.எம்.சி.யைப் பாருங்கள். சர்ச் அமைப்புகளின் ஸ்பான்ஸர்ஷிப்பில் அங்கே படித்தவர்கள், முடித்ததும் மிஷன் ஆஸ்பத்திரிகளில் 2 வருஷம் வேலை பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் என்றால் ஊர் நாய்கூட டாக்டரைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிடும்.

*

எங்கள் பெரியப்பாவுக்கு வருவோம். மிளகாய் சம்சாரி. சர்க்கரை வியாதி. காலில் புண். ஒரு ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாமே!) காட்டிக்கொண்டிருந்தார். அங்கே கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி பி.ஜி. டாக்டராக வந்திருந்தாள். யார் சொல்லியும் இன்சுலின் ஊசிக்குச் சம்மதிக்காதவரை, அந்தப் பெண் தரையில் குத்த வைத்து, அவர் காலை மடியில் வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டே பேசிச் சம்மதிக்க வைத்தது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று எம்.சி.ஆர். செருப்புக்கும் எழுதிக் கொடுத்தது.

"ஏந்தாயி, நீ இங்கனதான இருப்ப?"

"இன்னும் மூணு வாரம் இருப்பனுங்க அய்யா. அப்புறம் வேற டாக்டர் வந்துருவாங்க."

"வேற டாக்டர் கெடக்காரு. நீ எப்பத் திரும்பி வருவ?"

அந்தப் பெண் சிரித்தது. பெரியப்பா அதை 'வருவேன்' என்று எடுத்துக்கொண்டார்.

நாலாவது வாரம் போனபோது நாற்காலியில் வேறு டாக்டர். பழைய ஓ.பி. சீட்டு எங்கேயோ போயிருந்தது. புது டாக்டர் முதலிலிருந்து ஆரம்பித்தார்: பேர் என்ன? வயசு என்ன? எத்தனை நாளாப் புண்ணு? பெரியப்பா எழுந்து வந்துவிட்டார். "அந்தத் தாயி வரட்டும்ப்பா" என்று இரண்டு மாசம் வீட்டிலேயே இருந்தார். ஊசி நின்றது. அப்புறம் மதுரையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இதில் யாரைக் குறை சொல்வது? அந்தப் பெண் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்தது. புது டாக்டரும் முறைப்படிதான் கேட்டார். கன்ஸைன்மென்ட் கணக்கில் நஷ்டம் இரண்டு வகை. வழியில் சிந்துவது, ஆவியாவது எல்லாம் சாதாரண நஷ்டம். சத்தமில்லாமல் அடக்க விலையில் சேர்த்துவிடுவோம். தீப்பிடித்தால், திருடு போனால் அது அசாதாரண நஷ்டம். தனியாகக் காட்ட வேண்டும். பெரியப்பாவின் இரண்டு விரலை எதில் எழுதுவது என்று எந்த புரொபஸரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

*

ஒரு காலேஜும் ஒரு ஆஸ்பத்திரியும் டாக்டரைப் பகிர்ந்துகொள்ளும்போது எழுதுவதெல்லாம் பெரும்பாலும் டாக்டரைப் பற்றித்தான்: ஸ்டைபண்ட், லீவு, வார ஓய்வு, தங்குமிடம், வருகைப் பதிவு. எல்லாம் நியாயம். தங்க இடம் இல்லாமல் யார் ராத்திரி டியூட்டி பார்ப்பது? ஆனால் நோயாளியை யார் யாரிடம் ஒப்படைப்பது? அந்த ஒரு வரிதான் மிக முக்கியம்.

ஆபீஸில் நாம் இதில் கில்லாடிகள். ஒரு கிளார்க் மாற்றலாகிப் போனால் சார்ஜ் லிஸ்ட் போடாமல் விடுவோமா? 'பீரோ சாவி - 2. ரப்பர் ஸ்டாம்ப் - 4. கால் உடைந்த நாற்காலி - 1.' இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவ் ஆக முடியும். கால் உடைந்த நாற்காலிக்கு இருக்கிற அந்த மரியாதை, கால் புண்ணான பெரியப்பாவுக்கு வேண்டாமா?

இன்னொன்று. கன்ஸைன்மென்ட் சரக்கை நம்பி மட்டும் யாரும் கடை நடத்த மாட்டார்கள். கடையில் சொந்தச் சரக்கும் இருக்க வேண்டும். மூணு மாச டாக்டர் வந்து போகட்டும், கற்றுக்கொள்ளட்டும். அவரைக் காட்டி நிரந்தர டாக்டர் இடத்தைக் காலியாகவே வைத்துவிடக் கூடாது. போகிறவர் ஒப்படைக்கவும் அங்கேயே இருக்கிற ஒருத்தர் வேண்டுமே.

அதெல்லாம் சரியாகிற வரை? சென்னையிலோ பெங்களூரிலோ ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அட்டையில் அப்பா பேரையோ அம்மா பேரையோ எழுதுங்கள். என்ன வியாதி, என்ன மாத்திரை, எது ஒத்துக்கொள்ளாது என்று முதல் பக்கத்தில் குறியுங்கள். ஒவ்வொரு டாக்டரிடமும் மரியாதையாகக் கேளுங்கள்: "அடுத்த டாக்டருக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க டாக்டர்." எழுதிக் கொடுப்பார்கள். டாக்டர் மாறுவார். நோட்டு மாறாது.

வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வாருங்கள், அந்த நோட்டில் பால் கணக்கு எழுதக் கூடாது என்று.